இன்னும் இருபது நிமிஷம்

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் மூன்று பேர் இருக்கிறோம்: பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பெண், அவள் அம்மா, கல்லூரி விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் நான். சாயங்கால வெயில் கீபோர்டின் தூசியைக் காட்டிக் கொடுக்கிறது. இந்த வருஷம் முப்பத்திரண்டு பிள்ளைகளின் விண்ணப்பங்களிலும் என் போன் நம்பரைத்தான் கொடுத்தேன். இவர்களுக்கு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். நான் படித்தபோது என் வீடும் அப்படித்தான். எனக்கு வழிகாட்ட நாதியில்லை. அந்தக் கோபத்தில் எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். இவளுக்கு இடம் கிடைத்த செய்தி மூன்று நாளாக என் போனில், மற்றவர்களின் செய்திகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது. சம்மதம் சொல்லக் கடைசி நேரம் நேற்று மாலை ஐந்து மணி. கல்லூரிக்குப் போன் செய்தேன். "தேதி முடிஞ்சா முடிஞ்சதுதாம்மா" என்று போனை எடுத்தவன் பட்டென்று வைத்துவிட்டான். அவனைத் திட்டி என்ன? திட்ட வேண்டியது என்னை. செய்தி வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி இவர்களை வரவழைத்திருக்கிறேன்.

"உங்க நம்பரைக் குடுத்ததே நல்லதாப் போச்சும்மா" என்கிறாள் அம்மா. "இவங்கப்பா போன்ல வந்திருந்தா, விளம்பரம்னு அழிச்சுத் தொலைச்சிருப்பாரு."

செய்தியைத் திறந்து போனை நீட்டுகிறேன். பெண் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசிக்கிறாள். கல்லூரிப் பெயரில் விரல் நிற்கிறது, சிரிக்கிறாள். "ஐந்து மணிக்குள்" என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். நாலு நாற்பது. தேதியை அவள் பார்க்கவில்லை.

"அக்கா, இன்னும் இருபது நிமிஷம் இருக்குக்கா!"

அம்மா அதற்குள் எழுந்து, வாசலில் விட்ட செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாள். "எங்கடி ஓடணும், சொல்லு."