ட்ரோஞ்சாதோ

"ட்ரோஞ்சாதோன்னா என்ன அர்த்தம், நபோர் ஐயா?"

கேட்டவள் ஆராசெலி. கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர். அந்த ஒரு வார்த்தைக்காக ஆறு மணி நேரம் ஜீப்பில் மலையேறி வந்திருந்தாள்.

மலையூரில் மாடு வளர்க்கும் நபோர் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"யாரு சொன்னா அந்த வார்த்தைய?"

"தெற்கே ஒரு பண்ணையில மாடு செத்துப்போச்சு. அங்க வேலை செய்யற ஆள் அப்படிச் சொன்னாராம். மாட்டை எரிச்சுட்டாங்க, சோதிக்க எதுவுமில்ல. எங்க அமெரிக்க டாக்டருக்கு நான் இங்கிலீஷ்ல எழுதிக் கொடுக்கணும். அகராதியில 'முறிஞ்சது'ன்னு மட்டும்தான் இருக்கு. உங்க மலைப் பேச்சுல வேற அர்த்தமாம்."

நபோருக்கா தெரியாது? ரத்தம் குடிக்கும் வௌவால் கடித்து, பின்னங்கால் இழுத்துக்கொண்டு, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் மாடு சாகும். வெறிநோய். கொல்லைப்பட்டியில் அவருடைய பசுக்கள் இரண்டு நேற்றிலிருந்து அப்படித்தான் கிடந்தன. வெளியே தெரிந்தால் அதிகாரிகள் வந்து மந்தை முழுவதையும் சுட்டுப் புதைத்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு.

பட்டியிலிருந்து ஒரு பசு கரகரத்த குரலில் அலறியது.

"என்ன சத்தம் அது?" ஆராசெலி எழுந்தாள்.

"உக்காரும்மா. கன்னு போடப் போவுது, கத்தாம என்ன பண்ணும்?" நபோர் வாசலை மறித்து நின்றார். "ட்ரோஞ்சாதோன்னா இடுப்புப் பிடிப்பு. மேட்டுல ஏறி எறங்கினா வரும்."

"வாயில நுரை தள்ளிச்சாமே?"

"கோவம் வந்தா என் பொண்டாட்டிக்குக்கூடத்தான் தள்ளும்!"

அவள் சிரிக்கவில்லை. "அப்ப வெறிநோய் இல்லையே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லம்மா. இடுப்புப் பிடிப்புன்னே எழுதிக்கோ."

எழுதினாள். நோட்டை மூடி நீளமாக மூச்சு விட்டாள். கண்கள் கலங்கியிருந்தன.

"அப்பாடா! இனிமே உண்மையச் சொல்லலாம். தொண்டையில ஏதோ சிக்கியிருக்குன்னு, அந்த ஆள் காயம்பட்ட கையை மாட்டு வாய்க்குள்ள விட்டிருக்கார். ஊசின்னாலே ஓடறவர். 'எங்க மலைக்குப் போய்க் கேளுங்க, வெறிநோய்னு சொன்னா போட்டுக்கறேன்'னார். தான்தான்னு தெரிஞ்சா அப்பா பயந்துடுவார், சொல்லாதீங்கன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டார், உங்க மகன் எலிசேயோ. ஊசி வேணாம்னு இப்பவே போன் பண்ணிடறேன்."

"கிழிம்மா!" நபோர் பாய்ந்து அந்த நோட்டைப் பிடுங்கினார். "கிழிச்சுப் போடு... அது வெறிநோய்தான்! வா, என் பட்டியில வந்து பாரு!"