ஒன்பது வயது எதிரி

"நூறு வீட்டுல அம்பத்திரண்டு வீட்டுல இந்தச் சனியன்தான் ஓடுதுன்னா, நாம எதுக்கும்மா கம்பெனி நடத்தறோம்?"

தலைவர் மேஜையைத் தட்டினார். ஃப்ரிட்ஜ் கம்பெனியிலிருந்து இந்த வீடியோ கேம் கம்பெனிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் இங்கே எல்லா மேஜைகளுக்கும் அவர் கை பழகிவிட்டது.

எதிரே டிசைன் பிரிவு மேனேஜர் உட்கார்ந்திருந்தாள். மார்க்கெட்டைப் பிடித்து வைத்திருக்கும் மெஷினைக் கொண்டுவரச் சொன்னார் என்று, வீட்டில் பிள்ளைகள் விளையாடுவதையே பையில் போட்டுத் தூக்கி வந்திருந்தாள். மேல்மூடி முழுக்கப் பிள்ளைகள் ஒட்டிய டைனோசர் ஸ்டிக்கர்கள்.

"நம்ம புது மெஷினுக்கு எவ்வளவு?"

"நூத்துக்குப் பதினாலு, சார்."

"இது வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஒன்பது."

"நம்மளது மூணாவது வருஷமே சர்வீஸ் சென்டர்ல போய்ப் படுத்துக்குது."

"சூடு தாங்கல, சார். விசிறி சின்னது. பெருசா போடணும்னு எழுதிக் குடுத்தேன். செலவு ஜாஸ்தின்னு முன்னாடி இருந்தவர் விடல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"சார், ஒரு விஷயம் சொல்லணும்..."

"ஒரு விஷயமும் வேண்டாம்." சுவரிலிருந்த டிவியில் தானே மெஷினை இணைத்தார். இரண்டே நொடியில் படம் வந்தது. கார் பந்தயம் ஓட்டி, நாலு தடவை சுவரில் மோதினார். அரை மணி நேரம் கழித்து மெஷின்மேல் கை வைத்துப் பார்த்தார். அது சூடாகவில்லை, அவர்தான் சூடாக இருந்தார்.

"இதை எத்தனை தடவை ரிப்பேர் பண்ணீங்க?"

"ஒரு தடவைகூட இல்ல. ரெண்டு தடவை மாடிப்படியில உருண்டிருக்கு. என் சின்னவ ஒரு தடவை பாலைக் கொட்டினா. துடைச்சிட்டுப் போட்டோம், ஓடிச்சு."

"எதிரியோட மெஷினைப் பத்திச் சொல்லும்போது மூஞ்சியில என்னம்மா அவ்வளவு பெருமை?"

அவர் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். ராஜினாமாக் கடிதம், முன்பே டைப் அடித்து வைத்திருந்தது. பதினாறு வருடம் வேலை பார்த்த இடம். ஆனாலும் கெஞ்ச மனம் வரவில்லை. முதல் எழுத்தைப் பெரிதாகச் சுழித்து, கீழே இரண்டு புள்ளி வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

தலைவர் கடிதத்தை வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டார். "இதைச் செஞ்ச ஆள் எந்த மூலையில இருந்தாலும் தேடிப் பிடிக்கப் போறேன். நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலி அவருக்குத்தான். அவர் என்ன கேட்டாலும் மறுபேச்சு இல்லாம செய்வேன்."

"நிஜமாவா, சார்?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அப்ப ரொம்ப அலைய வேண்டாம், சார். முதல்ல வர்ற ஆயிரம் மெஷினுக்கு அடியில, வடிவமைச்சவங்க கையெழுத்தை அச்சுல வார்க்கறது இந்தத் தொழில்ல சில கம்பெனிகள்ல வழக்கம். இது அதுல ஒண்ணு. திருப்பிப் பாருங்க."

தலைவர் மெஷினைத் தலைகீழாகத் திருப்பினார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த அதே கம்பெனி முத்திரை, அதற்குக் கீழே ஒரு கையெழுத்து: பெரிய சுழி, இரண்டு புள்ளி. அவர் பார்வை மெல்ல நகர்ந்து, மை காயாத கடிதத்தில் போய் நின்றது.

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு அதே நாற்காலியில் மறுபடியும் உட்கார்ந்தாள்.

"முதல்ல அந்த விசிறியைப் பெருசாக்கணும், சார்."