மாடியில் ஒரு ஆம்பளைக் குரல்

"மாடி வீட்டுல ஆம்பளைக் குரல் கேக்குது. சும்மா குரல் இல்ல, கிணத்துக்குள்ள இடி விழுந்த மாதிரி" என்றார் கணவர், சாப்பிட்டுக்கொண்டே.

"எனக்குக் கேக்கலையே."

"நீ பகல்ல வேலைக்குப் போயிடுறே. உனக்கு எங்கே தெரியும்? ரெண்டு மூணு தடவை நானே கேட்டுட்டேன். மானம் போறதுக்குள்ள அவளைக் காலி பண்ணச் சொல்லு."

மாடியில் குடியிருந்தது தையல்காரி. தனி ஆள். பாவம் பார்த்து வீடு கொடுத்ததே மனைவிதான். அதனால் கோபமும் அவளுக்குத்தான் அதிகம். அன்று அவளுக்கு லீவு. கணவர் வெளியே கிளம்பியதும் மாடி ஏறினாள்.

"எங்கே அந்த ஆளு?"

தையல்காரி மிஷினை நிறுத்தினாள். "எந்த ஆளு அக்கா?"

"தொண்டை பெருத்த ஆளு. நடிக்காதே. காட்டு, இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணு."

தையல்காரிக்கு வேறு போக்கிடம் கிடையாது. சமையலறைக்குக் கூட்டிப் போனாள். பின்கதவை ஒட்டி ஒரு காலித் தண்ணீர் ட்ரம். தலையை அதற்குள் விட்டு, குரலைக் கட்டையாக்கிக் கத்தினாள்.

"யார்ரா அது?"

மனைவி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ட்ரம்முக்குள் ஒரு பயில்வான் இருந்தான். மேடையிலிருந்த தட்டு கூட அதிர்ந்தது.

தையல்காரி தலையை வெளியே எடுத்தாள். பழைய கீச்சுக் குரல். "இவர்தான் அக்கா."

"எதுக்குடி இந்தக் கூத்து?"

"மத்தியானத்துல யாரோ வந்து பின்கதவைத் தட்டுறாங்க. விரலால, மெதுவா. இவர் பேசினா இறங்கி ஓடிடுறாங்க."

"யாருன்னு பார்த்தியா?"

"பார்க்கல." தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்தாள். "பார்த்துட்டா அப்புறம் எப்படி அக்கா இங்கே குடியிருக்கிறது?"

"கீழே வரைக்கும் கேக்குதாமே?"

"கேக்காது அக்கா."

"நான் போய் நிக்கிறேன். நீ கத்திக்கிட்டே இரு."

ஹாலில் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. படுக்கையறையிலும் இல்லை. பின்பக்கப் படியில் பாதி ஏறினாள். அங்கேயும் இல்லை. மேலே போய்ப் பின்கதவில் காதை வைத்தாள்.

"யார்ரா அது?" என்றான் பயில்வான்.

கதவிலிருந்து காதை எடுத்துவிட்டுப் படி இறங்கினாள்.

சாயங்காலம் கணவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "என்ன, அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. வீட்டுக்காரர்."

"அவளுக்கு ஏது வீட்டுக்காரர்?"

"அவளுக்கு இல்ல" என்றாள். "எனக்கு."