மறக்காத கை

நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நோயாளிக்குத் தெரியாமல் மூச்சை எண்ணுவது நர்சுகளின் வழக்கம். தெரிந்துவிட்டால் மூச்சின் இயல்பு மாறிவிடும். நர்சு தமயந்தியும் அப்படித்தான் பிடித்திருந்தாள்; ஆனால் கட்டிலில் கிடந்த ஸ்டெல்லாவோ ஓய்வுபெற்ற நர்சு.

"நெஞ்சைத்தானே பார்க்கிறே?" என்று ஸ்டெல்லா சிரித்தாள்.

அவ்வளவுதான். அதுவரை தானாக ஓடிய மூச்சை இப்போது அவளே இழுத்து அவளே விட வேண்டியிருந்தது. மறந்தால் நின்றுவிடுமோ என்று பயம் வந்தது.

"ஏதாவது பேசு புள்ள."

தமயந்தி யோசித்தாள். "நீங்க இப்படிப் பிடிச்சதுல மறக்காத கை யாரோடதுக்கா?"

ஸ்டெல்லா கண்ணை மூடித் தேடினாள். மார்பு தானாக ஏறி இறங்கத் தொடங்கியது. தமயந்தி எண்ணினாள். திடீரென்று ஏறிய மார்பு இறங்காமல் அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"யாரு அக்கா அது?"

தமயந்திக்கு எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது.