சிங்கம் இரண்டு தடவை செத்தது

“‘நாடகம் சூப்பர்’னு மட்டும் சொல்றதா இருந்தா யாரும் எழுந்திருக்கவே வேண்டாம். எது சூப்பர், ஏன் சூப்பர், எந்தக் காட்சியில? அதைச் சொல்லுங்க” என்றார் மொழி ஆசிரியை.

உயர்ந்திருந்த கைகளில் பாதி இறங்கிவிட்டது.

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியர். மணி அடிக்கும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பையன்களோடு உட்கார்ந்தால் ஆள் வைத்துத் தேட வேண்டிய உயரம்; குரல் மட்டும் மூன்று மாடிக்குக் கேட்கும். பள்ளி நாடகத்தைப் பார்த்ததோடு விடாமல், அதைப் பற்றிப் பேச வாரம் ஒரு பாடவேளை வேறா, அதைக் கணக்குக்குக் கொடுத்தால் நாலு பேராவது தேறுவார்கள் என்பது அவர் கட்சி. இன்றைய வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு.

மந்திரியின் ஒட்டுமீசை, முயலின் கீச்சுக்குரல் எல்லாம் அலசி முடிந்தது. அப்போதுதான், வருஷம் முழுக்க வாய் திறக்காததால் ‘மியூட்’ என்று பட்டம் வாங்கியிருந்த பெண் எழுந்தாள்.

“சிங்கம் நல்லா இல்ல டீச்சர்.”

வகுப்பு மொத்தமும் ஜன்னலோரத்து நெட்டையனைத் திரும்பிப் பார்த்தது. சிங்க வேஷத்துக்குத் தேர்வானவன் அவன்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

ஆளை விட்டுவிட்டு நடிப்பை மட்டும் பேசும்படி ஆசிரியை சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“நல்லா இல்லன்னா எப்படி? நிரூபி.”

“கர்ஜிக்கிறதுக்கு முன்னாடி தொண்டையைச் செருமிக்கிச்சு சார். பிரேயர்ல பேசப் போறவங்க மாதிரி.”

“முகமூடிக்குள்ள தூசி இருந்திருக்கும்.”

“சிம்மாசனத்துல ஏறும்போது இடது முட்டியை இடிச்சுக்கிட்டு ‘அம்மா’ன்னுச்சு.”

“சிங்கத்துக்கும் அம்மா உண்டு.”

சிரிப்பு அடங்கும்வரை அவள் பொறுத்திருந்தாள். “வேடன் அம்பு விட்டதும் செத்துச்சு. அது சரி. எல்லாரும் கை தட்டினதும் எழுந்து கும்பிட்டுட்டு, மறுபடி படுத்துச் செத்துச்சு. ரெண்டாவது தடவை எனக்கு அழுகையே வரல சார்.”

சொல்லி முடித்தும் அவள் உட்காரவில்லை; குரல் ஒரு இடத்தில்கூட நடுங்கவில்லை. பாடவேளை போனால் போகட்டும், இவள் பேசிவிட்டாளே என்று ஆசிரியைக்கு நெஞ்சு விம்மியது.

“இந்த வகுப்பு இருக்கட்டும்” என்றார் தலைமையாசிரியர். “வாரத்துக்கு ரெண்டா ஆக்கிடுங்க. கணக்குலேருந்து ஒண்ணு எடுத்துக்கங்க.”

மணி அடித்தது. ஆசிரியைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் நெட்டையனை மறக்கவில்லை. அருகே போய், மனசில் வைத்துக்கொள்ளாதே, அடுத்த நாடகத்தில் அசத்திவிடலாம் என்று தேற்றினார்.

அவன் தலை நிமிர்ந்தான். இவ்வளவு நேரமும் அடக்கிக்கொண்டிருந்தது அழுகையை அல்ல, சிரிப்பை.

“எனக்கென்ன டீச்சர்? அன்னிக்கு நான் காய்ச்சல்ல வீட்ல படுத்திருந்தேன். எனக்குப் பதிலா நடிச்சது யாருன்னு மூச்சு விடக்கூடாதுன்னு உத்தரவு.”

“யாரோட உத்தரவு?”

அவன் கண்ணாலேயே வாசலைக் காட்டினான். அங்கே தலைமையாசிரியர், எதிரே வந்த கணக்கு ஆசிரியரை நிறுத்தி, “நம்ம பொண்ணு ஒருத்தி என்னமா விமர்சனம் பண்றா தெரியுமா?” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு, இடது முட்டியைப் பிடித்தபடி நொண்டி நொண்டி நடந்தார்.