உப்பங்கழிக் குழு

"என் மனைவியை உப்பங்கழிக்கு அனுப்பிட்டு, என்னைக் கழிமுகத்துல நிறுத்தினா என்ன அர்த்தம்?" என்றார் புரொபசர்.

"ரெண்டு பேரும் வேற வேற குழுன்னு அர்த்தம் சார்" என்றார் செயலாளர் அம்மாள்.

இரண்டாம் சுற்று டீக் கோப்பைகளோடு சமையலறையிலிருந்து வந்த ஆடிட்டர், வாசல்படியிலேயே நின்றுவிட்டார். செயலாளர் அவர் மனைவி. பறவை பார்ப்போர் சங்கத்துக்கு அவர் வீட்டுக் கூடம்தான் அலுவலகம். ஆபீசில் நாள் முழுக்கக் கூட்டாளிகளின் கணக்குச் சண்டையைத் தீர்த்துவிட்டு வருகிறவருக்கு வீட்டிலும் அதே வேலை.

வார இறுதியில் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்கள். மொத்தமாகப் போய் நின்றால் பறவைகள் பறந்துவிடும் என்பதால் மூன்று குழுக்கள். விடிந்ததும் ஒன்று கழிமுகத்துக்கு, ஒன்று உப்பங்கழிக்கு, ஒன்று பாறைப் பக்கம். இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இருந்திருக்க மாட்டார்கள்.

"நான் பக்கத்துல இல்லாம இவ என்னத்தைப் பார்ப்பா? பச்சைக்காலி எது, பவளக்காலி எதுன்னு யார் சொல்வாங்க?"

"யாரும் சொல்லலைன்னா, கால் என்ன நிறம்னு பார்த்துக்கட்டும் சார்."

கூடம் சிரித்தது. புரொபசரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. ஆறிப்போன டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"புருஷன் பெண்டாட்டியைப் பிரிக்கறதுதான் சங்கத்தோட கொள்கையா?"

"ரெண்டு காலை வேளைக்கு மட்டும்தான். மத்த நேரமெல்லாம் கைகோத்துக்கிட்டே இருங்க, யார் வேண்டாம்னா?"

பொருளாளர் தொண்டையைச் செருமினார். "மேடம், போன தடவை நீங்க ஆலான்னு சொன்னதை, கடல் காகம்னு சார் எல்லார் முன்னாடியும் திருத்தினாரே... அந்தக் கோபம் இன்னும் தீரலையோ?"

ஆடிட்டருக்குக் காது சுட்டது. மனைவி மறுப்பாள் என்று எதிர்பார்த்தார்.

"அப்படியே வெச்சுக்கங்க" என்றார் செயலாளர்.

"கேட்டீங்களா! வாயாலயே ஒத்துக்கறாங்க!" புரொபசர் எழுந்துவிட்டார். "ஒரு பேரை இங்கேருந்து அங்கே மாத்தறதுல உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

"மாத்த மாட்டேன் சார்."

"அப்போ நான் வரலை. நான் வரலைன்னா இவளும் வர மாட்டா. என் டெலஸ்கோப்பும் வராது!"

மனைவி வரமாட்டார் என்றபோது பேசாமல் இருந்த கூடம், டெலஸ்கோப் வராது என்றதும் கலங்கிப்போனது. சங்கத்தில் இருப்பதே அந்த ஒரு டெலஸ்கோப்தான்.

"விட்டுக் கொடுத்துடுங்க மேடம்" என்றது ஒரு குரல். "செயலாளரையே மாத்திடலாம்" என்றது பின்வரிசை.

"தாராளமா மாத்துங்க. ஆனா அது கேம்ப் முடிஞ்சப்புறம்" என்ற செயலாளர், முதல் நாற்காலியில் இருந்த பல் டாக்டர் பக்கம் திரும்பினார். "டாக்டர், புரொபசர் வரலையாம். கழிமுகக் குழுவுக்கு நீங்க தலைமை தாங்கறீங்களா?"

"ஓ!" என்று பல் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவரா?" புரொபசர் அலறினார். "காலம் பூரா அடுத்தவன் வாய்க்குள்ளயே பார்த்துப் பழகினவர்! வானத்துல என்னத்தைப் பார்ப்பார்?"

"நீங்கதான் வரலையே சார்."

ஒரு பக்கம் மனைவி. மறுபக்கம் பல் டாக்டர் தலைமையில் கழிமுகம். புரொபசர் நிறுத்துப் பார்த்தார். அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"வரேன். ஆனா இது சுத்த சர்வாதிகாரம்!" என்றவர் மனைவியிடம் திரும்பினார். "நீயே சொல்லு, நான் இல்லாம போக உனக்கு இஷ்டமா?"

"நான் என்னங்க சொல்றது? மேடம் இவ்வளவு பிடிவாதமா இருக்காங்களே" என்று பெருமூச்சு விட்டார் அந்த அம்மாள்.

எல்லோரும் செயலாளரை முறைத்துக்கொண்டே படியிறங்கினார்கள்.

கடைசி ஆள் போனதும் ஆடிட்டர் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு வீம்பு ஆகாதும்மா உனக்கு. பெண்டாட்டி பக்கத்துல நின்னு நாலு கொக்கு பார்க்கணும்னு ஒரு மனுஷன் ஆசைப்படறார். அதுல உன் பழைய கோபத்தைத் தீர்த்துக்கணுமா? அந்தம்மா முகத்தைப் பார்த்தியா, அழாத குறை!"

"டீ இன்னும் இருக்கா?"

"டீ இருக்கு. இந்த வீட்டுல ஈவிரக்கம்தான் தீர்ந்து போச்சு."

வாசல் மணி அடித்தது. ஆடிட்டர் கதவைத் திறந்தார். மூச்சு வாங்க நின்றிருந்தார் புரொபசரின் மனைவி.

"தொப்பியை மறந்து வெச்சுட்டேன்" என்று படிக்கட்டுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டு, உள்ளே வந்து கதவை மெதுவாகச் சாத்தினார். தொப்பி அவர் கையிலேயே இருந்தது.

கீழே தெருவிலிருந்து புரொபசரின் குரல் ஜன்னல் வழியே ஏறி வந்தது. "நாற்காலிக்கு அடியில இருக்கும்! இடது பக்கம்! நல்லா குனிஞ்சு பாரு!"

"பார்க்கறேங்க!" என்று ஜன்னல் பக்கம் ஒரு கத்தல் கத்திவிட்டு, செயலாளரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"போன்ல நான் கெஞ்சிக் கேட்டதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாம, எல்லாப் பேச்சையும் நீங்களே வாங்கிக்கிட்டீங்களே அக்கா! கல்யாணம் ஆனதுலேருந்து அவர் காட்டினதைத்தான் பார்த்திருக்கேன். இந்தத் தடவை ஒரே ஒரு பறவையையாவது நானே கண்டுபிடிச்சு, நானே அதுக்கு ஒரு பேரைத் தப்பா சொல்லணும்!"