உச்சியில் உட்கார்ந்த பம்பு

புதுக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றில் ஒரு பம்பும் ஒரு ரேடியேட்டரும் குடியேறின. பிராசஸரின் சூட்டைத் தண்ணீரில் ஏற்றி அனுப்புவது பம்பின் வேலை. அந்தத் தண்ணீரை ஆறவைத்துத் திருப்பி அனுப்புவது ரேடியேட்டரின் வேலை.

"ஓயாம ஓடுறவன் நான். என் தலைக்கு மேல எவனும் உட்காரக் கூடாது" என்று பம்பு முதல் நாளே அடம்பிடித்தது. எதற்கு வம்பு என்று ரேடியேட்டர் பெட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

சற்று நேரத்தில் ஒரு காற்றுக் குமிழி குழாய் வழியே ஏறி வந்தது.

"அண்ணே, இந்த வீட்டுலயே உசரத்துல இருக்கிறது நீங்கதானாமே!"

பம்புக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "வாப்பா, உள்ளே வந்து உட்காரு" என்றது. குமிழி தன் சொந்தபந்தங்களையும் கூட்டி வந்து உட்காரவைத்தது. பம்பின் வயிற்றில் தண்ணீருக்கு இடமே இல்லை. அது கடகடவென்று வெறுங்காற்றைச் சுற்றிக்கொண்டிருக்க, பிராசஸர் கொதித்து, கம்ப்யூட்டரே அணைந்துபோனது.

பழுதுபார்க்க வந்த பெண் பெட்டியைத் திறந்து பார்த்தாள். "காத்து உச்சிக்குத்தானே ஏறும்!" என்று தலையில் அடித்துக்கொண்டு, ரேடியேட்டரைக் கழற்றிப் பெட்டியின் மேல்கூரையில், பம்புக்கும் மேலே மாட்டினாள்.

பம்புக்குள் தண்ணீர் வந்தது, மூச்சும் வந்தது. ஆறுதலாக நாலு வார்த்தை கேட்கலாமே என்று அது குமிழியைத் தேடியது. காணோம். கூரைப் பக்கமிருந்து பழகிய குரல்தான் கேட்டது.

"அண்ணே, இந்த வீட்டுலயே உசரத்துல இருக்கிறது நீங்கதானாமே!"

"இருந்துட்டுப் போறேன். நீ ஓரமா உட்காரு, தண்ணி வரட்டும்" என்றது ரேடியேட்டர்.